பேட்டரி சைக்கிளும் உன் நிச்சயதார்த்தமும்

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. உன் பெயருக்குப் பின்னால் படிப்பு, வேலை, கம்பெனி எல்லாம் போட்டிருக்கிறாய். உன் அப்பா பெயருக்குப் பின்னால் "மலைக்கோயில் மடப்பள்ளி, திருத்தணி" என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு அச்சடிக்கச் சொல். அவருக்கு இப்போது மடப்பள்ளி கிடையாது. சைக்கிளிலிருந்து விழுந்ததால் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. நீ போக்கினாய். போனில் இதைச் சொன்னால் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து கடைசிவரை படி.

அவருடைய வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தே நீ செய்தாய் என்பதால் திரும்பவும் சொல்கிறேன். மலை மேல் சுவாமிக்குப் படைக்கிற பொங்கலும் புளியோதரையும் அவர் கையால் ஆகிறவை. அவருக்கும் அவருடைய சித்தப்பா பிள்ளை சாம்புவுக்கும் மாறி மாறி முறை. சாம்பு மேலே போய்க் குளித்துவிட்டு, யாரும் தொடாத மடித் துணி உடுத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பான். அதில் ஒரு குறையும் இல்லை. உன் அப்பா மட்டும் நம் வீட்டுக் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேஷ்டியோடு, வழியில் யார் மேலும் படாமல் படியேறிப் போவார். அவருடைய அப்பா அப்படிப் போனாராம். இவரும் அப்படியே போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கோயிலில்கூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என்னையும் கிட்டே விடமாட்டார். நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாய். அவர் மறுபடியும் கிணற்றடிக்குப் போய் ஊற்றிக்கொண்டு வருவார், மார்கழிக் குளிரில், பல் கிடுகிடுக்க. ஒரு நாளும் உன்னை அதட்டியதில்லை. எனக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் பக்தி கிடையாது. துணி துவைத்துப் போடுகிறவளுக்குப் பக்தி எங்கிருந்து வரும்? ஆனால் சொத்து என்றோ பேர் என்றோ அவரிடம் வேறொன்றும் இல்லை. நான் இன்னும் யாரையும் தொடாமல் போகிறேன், என் கைப் பொங்கல் அப்படிப்பட்ட பொங்கல் என்கிற நினைப்பில்தான் அந்த மனுஷர் காலையில் எழுந்திருந்தார்.

அப்புறம் முழங்கால் போயிற்று. பாதிப் படியில் உட்கார்ந்துவிட ஆரம்பித்தார். நீ பொங்கல் பண்டிகைக்கு வந்தபோது அதைப் பார்த்தாய். "பஸ்ல போய் மேல குளிச்சுக்கோங்கோப்பா" என்றாய். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அதற்கு மேல் அவரோடு உட்கார்ந்து பேச உனக்கு நேரம் இல்லை. பேசுவதைவிட வாங்குவது உனக்குச் சுலபம். அடுத்த மாதமே ஒரு மினி லாரியில் பேட்டரி சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். மெரூன் கலர், முன்னால் ஒரு கூடை, சீட்டுக்கு அடியில் செங்கல் கனத்துக்கு பேட்டரி. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சாயங்காலம் பிளக்கில் சொருகினால் காலையில் போகலாம் என்று கடைக்காரன் சொன்னதையெல்லாம் நீ கண்டுபிடித்த மாதிரி தெருவுக்கே சொன்னாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். உன் அப்பாவுக்கு முறை இல்லாத நாள். சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் குங்குமம் வைத்தேன், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். வண்டி கிளம்பிப் போனதும் "சத்தமே இல்லையேடா!" என்று கூவினார் பார், அந்தக் குரலை நான் கல்யாணமான புதுசில் கேட்டது. தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பினார். சத்தம் இல்லாததால் ஒரு எருமை வழி விடவில்லை என்று குழந்தை மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏண்டா, இது மலைப் பாதை ஏறுமா?" என்றேன். "ஏறும்மா" என்றாய். எங்கே ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்டேன். "பீச் ரோட்ல" என்றாய். பீச் ரோட்டில் எந்த மலை இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். உனக்கு ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதே?" நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாய். அவர் ஏன் கேட்கிறார் என்று நீ கேட்கவில்லை.

ஏன் கேட்டார் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. அந்த வண்டியை நீ தொட்டிருந்தாய், லாரிக்காரன் தொட்டிருந்தான், தெருவே தடவிப் பார்த்திருந்தது. மடியாக அதன் மேல் எப்படி உட்காருவது? கிணற்றில் தனக்கு ஊற்றிக்கொண்ட கையோடு ஒரு குடம் இழுத்து வந்து, சீட்டிலிருந்து சக்கரம்வரை வண்டிக்கும் ஸ்நானம் பண்ணிவைத்தார். துடைக்கக்கூட இல்லை; துடைத்தால் துணி மடியாக இருக்கவேண்டுமே. அதன் பிறகு தினமும் அவர் ஒரு குடம், வண்டிக்கு ஒரு குடம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழையே ஒன்றும் செய்யாது என்று இன்ஜினியர் பிள்ளை சொல்லியிருக்கிறான், ஒரு குடம் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நானும் நம்பினேன். சில நாள் கரண்ட் போய்விடும், பாதி சார்ஜில் போவார். மேட்டில் வண்டி முனகும், இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் போனார். "அவன் வாங்கிக் குடுத்தது" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

ஒரு கிருத்திகைக்கு முந்தின நாள் அது. மலைப் பாதையில் கடைசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே வண்டி அணைந்து போயிற்று. பிரேக்கைப் பிடித்திருக்கிறார், தினமும் ஈரத்தில் ஊறின பிரேக், அது பிடிக்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அங்கே ஓரச் சுவர் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. மணல் சுமக்கிறவர்கள் நாலைந்து பேர் பாண்டுச் சட்டிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் குப்பம்மா என்று ஒருத்தி. அவள்தான் பிற்பாடு ஒரு லோடு ஆட்டோவில் இவரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்க ஓடியாந்து புடிக்கலாம்னு கைய நீட்டுனோம்மா. இவரு 'தொடாதீங்கோ, தொடாதீங்கோ'ன்னு கத்திக்கினே பின்னால போறாரு. நாங்க இன்னா பண்றது? கைய எடுத்துக்கினோம்." அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர் உருண்டு போய் ஓடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழுந்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். "'தொடலை சாமி, நீயே எழுந்துக்கோ'ன்னு சொல்லிட்டு குந்திக்கினேன், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மனசு கேக்காம தூக்குனேன்" என்றாள்.

அவர் பெண்டாட்டியைக்கூட அந்த நேரத்தில் தொடவிடமாட்டார் என்பது குப்பம்மாவுக்கு எப்படித் தெரியும்? மணல் சுமக்கிறவளைப் பார்த்து ஒருவர் தொடாதே என்று கத்தினால் அது அவள் காதில் என்னவாக விழும் என்று இவருக்கும் அப்போது தோன்றவில்லை. நான் அவளுக்குக் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு போனேன். டம்ளரைப் பார்த்தாள், வாங்கவில்லை. "வேணாம்மா. அப்புறம் அதுக்கும் ஒரு கொடம் ஊத்துவீங்க" என்றாள். வண்டிக்கு ஊற்றுகிற குடத்தின் கதை மலைப் பாதைவரை தெரிந்திருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே படுத்திருந்தவருக்கு அது கேட்டது. எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மணிக்கட்டில் கட்டு, இடுப்பில் எண்ணெய் என்று ஒரு மாதம் போயிற்று. சாம்பு இரண்டு முறையையும் பார்த்துக்கொண்டான். ஊர் சிரிக்கத்தான் செய்தது. பூக்கடையில் சிரித்தார்கள், ரேஷன் கடையில் சிரித்தார்கள், இவர் காதுபடவே சிரித்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்றைக்கு, நான் ஒன்றும் சொல்லாமலே, "இனிமே பஸ்லயே போயிடறேன்டி. மேல குளிச்சுக்கறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. குப்பம்மாவைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னார். மேலே வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தார். உன் நிச்சயதார்த்தம் முடிந்து வந்த மறுநாள் அவருடைய முறை ஆரம்பம். பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. ஒரு மனுஷர் அந்த வயசில் தன்னையே மாற்றிக்கொண்டு மறுபடியும் வேலைக்குக் கிளம்பியிருந்தார் என்பதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியாயிற்று, பாயசம் குடித்தாயிற்று. உன் வருங்கால மாமனார், "மாப்பிள்ளை அப்பாவுக்கு ஏதோ பேட்டரி வண்டி வாங்கிக் குடுத்தாராமே" என்று உன்னைப் பாராட்டத்தான் ஆரம்பித்தார். நீ அதோடு விட்டிருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாய். சாய்மானத்தை ஹேண்டில்பார் மாதிரி பிடித்தாய். "எங்கப்பா வண்டியை டெய்லி குளிப்பாட்டுவார்!" என்று தொடங்கினாய். அப்புறம், ஊர்க்காரர்கள் உனக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே, அவர் மூக்கால் பேசுகிற மாதிரியே, "தொடாதீங்கோ, தொடாதீங்கோ" என்று அலறிக்கொண்டு சேரோடு பின்னால் தள்ளிக்கொண்டே போனாய். ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் வேஷ்டி அவிழ்ந்துவிட்டது என்று சேர்த்துக்கொண்டாய். அவிழவில்லை. அவரைத் தூக்கி வந்தவளே அப்படிச் சொல்லவில்லை. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நீ சொன்னதை மட்டும் கதையில் காணோம்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்தார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். உன் மாமனார் முதுகில் தட்டியபோது, "ஆமாம், ஆமாம், அப்படித்தான் உருண்டேன்" என்று எடுத்துக்கூடக் கொடுத்தார். அவர் மடியில் இருந்த தாம்பூலப் பையின் பிடியை முறுக்கி முறுக்கி அறுத்துவிட்டார். தேங்காய் உருண்டு போய் உன் சேர் காலில் இடித்தது. நீ அதையும் காட்டி, "பாருங்கோ, இதுவும் உருளுது" என்றாய். மறுபடியும் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணும் சிரித்தாள், பொய் சொல்வானேன். ஆனால் அவள் ஒருத்திதான் நடுவில் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். நீ நிறுத்தவே இல்லை. அவள் உன்னைவிடத் தேவலை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது தான் யாருக்கு வாழ்க்கைப்படப் போகிறோம் என்று.

ட்ரெயினில் திரும்பி வரும்போது அரக்கோணம்வரை அந்த அறுந்த பிடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார். அரக்கோணத்தில் வண்டி நின்றபோது, "ரொம்ப நன்னா நடிக்கறான் இல்ல?" என்றார். மறுநாள் காலையில் எழுந்தார், வாளியை எடுத்தார், பஸ் ஸ்டாண்டுவரை போனார், திரும்பி வந்துவிட்டார். சாம்பு மத்தியானம் ஓடி வந்தான். "அண்ணா, உங்க முறை எனக்கு வேண்டாம். ஆட்டோ வெச்சு நானே அழைச்சுண்டு போறேன், வாங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். பங்காளி கெஞ்சினான்டா, நீ இல்லை. இவர், "நீயே பண்ணு சாம்பு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே போய் முறையை அவன் பெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கத்தினேன். "ஊர் சிரிச்சா போய் சமைச்சுடுவேன்டி. பெத்த பிள்ளை சிரிச்சப்புறம் கை வரலை" என்றார். என் ஆயுசில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன பெரிய பேச்சு அதுதான்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேள். உனக்குப் பூணூல் போட்ட அன்றைக்கு உனக்கு ஏழு வயசு. உபதேசத்துக்காக உன்னை மணையில் உட்காரவைத்து, உன் அப்பாவையும் என்னையும் உன்னையும் சேர்த்துப் பட்டுத் துணியால் மூடினார்கள். அவர் உன் காதில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ பயத்தில் மணையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாய். புது வேஷ்டி நனைந்து, பலகை நனைந்து, துணிக்கு வெளியே ஓடப் போகிறது. நீ என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். அவர் மந்திரத்தை நிறுத்தவில்லை. முழங்கையால் பக்கத்தில் இருந்த தீர்த்தச் சொம்பைத் தட்டிவிட்டார். சொம்புத் தண்ணீர் முழுக்க உன் மேலும் அவர் மேலும் கொட்டிற்று. துணியை எடுத்ததும் சபையே பார்த்தது. "சமையல்காரனுக்குச் சொம்புகூடப் பிடிக்கத் தெரியலையே" என்று உன் பெரிய மாமா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இவரும் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

இந்தக் கதையை உன் கல்யாண மண்டபத்தில், உன் மாமியார் மாமனார், உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்லவேண்டும் என்று முடிவு பண்ணினேன். சும்மா இல்லை, நடித்துக் காட்டுவதாகவே முடிவு பண்ணினேன். நீ உதட்டைப் பிதுக்கினதை அடுக்களையில் நின்று பழகிக்கூடப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. உனக்கு எங்கிருந்து அந்தத் திறமை வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உன் அப்பாவிடம் போய், "உங்க பிள்ளை பூணூல்ல பண்ணினதை மண்டபத்துல சொல்லப்போறேன்" என்றேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதை?" என்றார். சொன்னேன். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே. நான்தான் கை தவறிச் சொம்பைத் தட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அதற்கு மேல் நான் என்ன செய்வது? அவர் நடக்கவில்லை என்று சொன்னதை நான் நடந்தது என்று சபையில் சொல்லமாட்டேன். அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். மண்டபத்தில் நீ தப்பித்தாய்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் புத்தி சொல்லவேண்டுமாம். சொல்கிறேன். யார் காலாவது வலிக்கிறது என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் உட்கார். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் மெஷின் ஏதாவது வாங்கிவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. அவள் அப்பாவை வைத்து அவள் முன்னால் கதை சொல்லாதே. அவள் உன்னோடு சேர்ந்து சிரிப்பாள், மறக்கமட்டும் மாட்டாள். நீ கெட்டவன் இல்லை என்று உன் அக்கா சொல்கிறாள். கெட்டவனாக இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், தெரிந்து செய்தான் என்று வைத்துக்கொள்வேன். நீ யோசிக்காமல் செய்தாய். ஒரு மனுஷரின் வேலையை, அது எவ்வளவு பெரிசு என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், நாலு பேர் சிரிப்பதற்காகக் கொடுத்துவிட்டாய்.

சாம்பு நேற்று மேலேயிருந்து பொங்கல் கொடுத்தனுப்பினான். படைப்பதற்கு முன்னால் வாயில் வைக்கக்கூடாது என்பதால் தான் சமைத்ததை ருசி பார்க்காமலே காலம் தள்ளிய உன் அப்பா, ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு சரியா இருக்கு. நெய் நன்னா விட்டிருக்கான்" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தண்டனை எனக்கு, உனக்கு இல்லை. உன் மாமனார் போன வாரம் போன் பண்ணி, மலைக்கோயில் கைப்பக்குவம் நம்ம கல்யாணத்தில் இருக்கட்டும், சம்பந்தி முன்னாடியே வந்து சமையலை மேற்பார்வை பார்க்கட்டும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு வருவார், உட்காரவைத்த இடத்தில் உட்காருவார், அட்சதை போடுவார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. "அவன் கல்யாணம்டி" என்றார், அவ்வளவுதான். இதைப் படித்ததும் உனக்கு அழுகை வரலாம். உடனே ஒரு ட்ரெயினைப் பிடித்து வந்து அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றலாம். கேட்காதே. நீ வாயைத் திறப்பதற்குள், "போடா, என்ன ஆயிடுத்து இப்போ" என்று சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கிவிடுவார். உனக்கும் நெஞ்சு லேசாகிவிடும், ஊருக்குத் திரும்பிப் போய் நிம்மதியாகத் தூங்குவாய். அவர் கொடுத்துவிடுவார், அவருக்குக் கொடுக்கத்தான் தெரியும். நான் இருக்கிறவரைக்கும் நீ அதை வாங்கிக்கொள்ள விடமாட்டேன்.

அம்மா